பொருள்: பிரெட்போர்டுக்குத் தமிழ் என்ன? வியாழன் மதியத்துக்குள் தேவை

ந.மு., ஈசூன்:

குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் அடுத்த வாரம் மூத்தோருக்கு அடிப்படை மின்னணுவியல் வகுப்பு. நான்கு மொழியிலும் ஒரு பக்கக் கையேடு; தமிழ்ப் பக்கம் என் தலையில். ரெசிஸ்டரை மின்தடை என்றும் பேட்டரியை மின்கலம் என்றும் போட்டுவிட்டேன். பிரெட்போர்டில் சிக்கிக்கொண்டேன். வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, முழுக்கத் துளை, ஈயம் வைக்காமலே உறுப்புகளைச் செருகிச் சுற்று அமைத்துப் பார்க்கலாம். வியாழன் மதியம் அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் கொடுங்கள். ஒன்றே ஒன்று.

அ.ர., சிராங்கூன்:

பிரெட்போர்டு. முடிந்தது. வகுப்பு முடிந்த கையோடு அந்தத் தாத்தா பாட்டி எல்லாரும் சிம் லிம் டவருக்குத்தான் போவார்கள், அக்கா. அங்கே கடைக்காரரிடம் என்ன கேட்பார்களோ அதையே எழுதுங்கள்.

கி.ப., பீஷான்:

கடையில் கேட்கும் சொல்லே போதும் என்றால் கையேட்டுக்குத் தமிழ்ப் பக்கமே வேண்டாமே, தம்பி.

முதலில் இந்தப் பொருளின் இயல்பு என்ன என்று பார்ப்போம். பற்றவைக்காமல் இணைப்பது. பற்றவைக்கும் உலோகத்துக்குப் பொற்கொல்லர் சொல் பற்றாசு, சுருக்கினால் ஆசு. யாப்புப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நேரிசை வெண்பாவில் முதல் ஏழு சீராகிய முதற்குறளும் எட்டாம் சீராகிய தனிச்சொல்லும் ஒட்டாமல் நின்றால் இடையில் ஓரசையோ ஈரசையோ கூட்டி ஒட்டுகிறோம். அந்த ஒட்டுக்கு ஆசு என்றே பெயர். தட்டார் பட்டறையிலிருந்து புலவர் வாங்கிக்கொண்ட பெயர். ஆசு இல்லாமல் இரண்டு குறளும் தாமே பொருந்தினால் அது இருகுறள் நேரிசை. எதுகையில் ய், ர், ல், ழ் இடையில் நுழைந்தாலும் ஆசிடை எதுகை என்கிறோம். ஆக, ஈயம் வைக்காத பலகைக்கு ஆசிலாப் பலகை. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

ச.வ., கோயம்புத்தூர்:

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மின்தடை என்றால் எங்கள் ஊரில் கரண்ட் போவது. "சிவப்பு விளக்கோடு ஒரு மின்தடையை இணைக்கவும்" என்று படித்தால் இங்கே சிரிப்பார்கள். மின்தடையம் என்று போடுங்கள்.

ஐயாவுக்கு ஒன்று: ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள் உண்டே. ஆசிலாப் பலகை என்றால் குற்றமற்ற பலகை. கடைக்காரர் உத்தரவாதம் கொடுப்பது போல இருக்கிறது.

கி.ப., பீஷான்:

மின்தடையம் சரி. குற்றம் என்ற பொருளும் நன்றாகவே பொருந்துகிறது. கெட்டுப்போன உறுப்பைப் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம் அல்லவா? வடமொழி ஆசு என்றால் விரைவு. அதனால்தான் நினைத்தவுடன் பாடிய காளமேகத்தை ஆசுகவி என்கிறோம். இந்தப் பலகையிலும் நினைத்தவுடன் சுற்று அமைகிறது...

ந.மு., ஈசூன்:

ஐயா, ஆசுகவியிலிருந்து கொஞ்சம் இறங்கி வாருங்கள். வகுப்புக்கு வருகிறவர்களில் எழுபது வயதுக்குக் குறைந்தவர் அதிகம் இல்லை.

க.செ., தோ பாயோ:

வேறொரு சமூக மன்றத்தில் இதே வகுப்புக்குப் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது காலையில் பூப்பந்து, மாலையில் இந்தப் பலகை.

பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் பலருக்குப் புரியவில்லை. துளைக்கும் துளைக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நடுவில் ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் இருபுறமும் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து ஐந்து துளை. அந்த ஐந்தும் அடியில் ஒரே உலோகப் பட்டையில் இருக்கின்றன. ஐந்து கதவு உள்ள ஒரே வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்இடியின் இரண்டு காலையும் அந்த ஐந்துக்குள்ளேயே செருகினால் விளக்கு எரியாது. மின்சாரம் விளக்கைச் சுற்றிக்கொண்டு பட்டை வழியே போய்விடும். எங்கள் வகுப்பில் பெரும்பாலானோருக்கு நடந்தது இதுதான். விளக்குப் பழுது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

அடுத்தது, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட நீள வரிசை. சில பலகைகளில் அது நடுவில் அறுந்திருக்கும். இந்தப் பக்கம் மின்கலத்தை மாட்டிவிட்டு அந்தப் பக்கம் விளக்கு வைத்தால் எரியாது. மல்ட்டிமீட்டரைப் பீப் ஓசையில் வைத்து இரு முனையையும் தொட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கையேட்டில் இதற்கு ஒரு படம் போடுங்கள், தங்கச்சி.

சொல்லுக்கு: ரொட்டிப் பலகை. அந்தக் காலத்து வானொலிப் பித்தர்கள் அடுக்களையில் ரொட்டி வெட்டும் மரப்பலகையை எடுத்து, ஆணியடித்து, அதன்மேல்தான் வால்வையும் கம்பிச்சுருளையும் மாட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. மாண்டரினிலும் மியன்பாவ் பான்தான். மியன்பாவ் என்றால் ரொட்டி. பக்கத்து மேசைச் சீன அம்மாவுக்கு ரொட்டிப் பலகை, நமக்கு மட்டும் வெண்பாவா?

ச.வ., கோயம்புத்தூர்:

ரொட்டிப் பலகை என்றால் இங்கே சப்பாத்தி தேய்க்கிற பலகை. மேலும், பூப்பந்தா? எங்களுக்குப் பூப்பந்து வேறு ஆட்டம், கம்பளி நூல் பந்து. நீங்கள் ஆடுவது இறகுப்பந்து.

க.செ., தோ பாயோ:

இங்கே தமிழ் முரசைப் பிரித்துப் பாருங்கள், பூப்பந்து என்றுதான் இருக்கும். நான் செய்துகொண்டிருப்பதும் அதற்கான விளக்குத்தான்: இரண்டு பொத்தான், இரண்டு எல்இடி, எந்தப் பக்கம் பந்து போட வேண்டும் என்று காட்டும். 9 வோல்ட் மின்கலம், சிவப்பு எல்இடிக்கு 2 போக மீதி 7 வோல்ட், 470 ஓம் மின்தடையம் போட்டால் சுமார் 15 மில்லியாம்பியர். வயதான கண்ணுக்குப் பகலிலும் தெரிகிறது.

சப்பாத்திப் பலகைக் குழப்பம் இங்கே வராது. இங்கே ரொட்டி என்றால் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவுகிற ரொட்டி, இல்லாவிட்டால் பிராட்டா, உங்கள் ஊர்ப் பரோட்டா. பிராட்டாவை எவரும் பலகையில் தேய்ப்பதில்லை, மேசையில் வீசுகிறார்கள்.

அ.ர., சிராங்கூன்:

துளைப்பலகை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்வதற்கு முன். ஈயம் வைத்து ஒட்டுகிற, துளை மட்டும் போட்ட வேறொரு பலகை இருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். தமிழில்தான் வேண்டும் என்றால் செருகு பலகை. செருகு, பிடுங்கு, மறுபடி செருகு. அவ்வளவுதான் வேலை.

ந.மு., ஈசூன்:

எனக்கும் அது பிடித்திருக்கிறது. தேர் வெள்ளோட்டத்தை நினைத்து வெள்ளோட்டப் பலகை என்று ஒருவர் தனிமடலில் அனுப்பினார். அழகான சொல், ஆனால் பலகையைப் பார்க்காதவருக்கு ஒன்றும் விளங்காது. செருகு பலகையா, செருகுப் பலகையா?

கி.ப., பீஷான்:

வினைத்தொகையில் வலி மிகாது. செருகு பலகை. ஆனால் இலக்கணம் சரியாக இருப்பதால் பொருள் சரியாகிவிடாது. செருகு பலகை என்றால் செருகுகிற பலகை. பலகையா செருகுகிறது? கம்பி அல்லவா செருகப்படுகிறது?

க.செ., தோ பாயோ:

ஆடுகளத்தில் களமா ஆடுகிறது, ஐயா?

ச.வ., கோயம்புத்தூர்:

சபாஷ். செருகு பலகைக்கு என் வாக்கு.

ந.மு., ஈசூன்:

செருகு பலகை என்றே அனுப்புகிறேன். படத்துக்கு அடியில் சிறிய எழுத்தில் பிரெட்போர்டு, கடைக்குப் போகிறவர்களுக்காக. தோ பாயோ அண்ணனுக்கு ரொட்டிதான் பிடிக்கும் என்று தெரியும், மன்னிக்க வேண்டும். மின்தடையம் திருத்தியாயிற்று. ஓரத்துச் சிவப்பு, நீலக் கோட்டுக்குச் சொல் கேட்கவே பயமாக இருக்கிறது. "மின்வரிசை" என்று நானே போட்டுவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கி.ப., பீஷான்:

ஆடுகளம் இடப்பெயர்; களத்தில் ஆடுகிறோம். பலகை கருவி. இரண்டும் ஒன்றல்ல. அச்சுக்குப் போய்விட்டதால் தடுக்கவில்லை. செருகு பலகைக்கு என் ஒப்புதல் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். மின்வரிசை பற்றித் தனியே எழுதுகிறேன்.