மனைவியின் சுண்டா கிராமத்தில் வயல் வாங்கிக் குடியேறலாமா?

காவேரிப்பட்டினத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தை அடுத்த சிற்றூர்க்காரன். இப்போது ஓசூரில் வேலை. முன்பு மேற்கு ஜாவாவில், பாண்டுங்குக்கு அருகிலுள்ள மஜாலயாவில், ஒரு நெசவாலையில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அப்போது காருட் மாவட்டத்தைச் சேர்ந்த சுண்டா இனப் பெண்ணை மணந்தேன். இருவரும் இஸ்லாமியர் என்பதால் திருமணம் அங்கேயே முறைப்படி பதிவாயிற்று. மனைவி இன்னும் இந்தோனேசியக் குடிமகள்தான். ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரு பிள்ளைகள்.

சென்ற ஆண்டு மாமனார் காலமானார். அவருடைய நெல்வயலும் மீன்குளமும் மூன்று பிள்ளைகளுக்கும் பங்காகின்றன. மனைவியின் அண்ணன் தம் பங்கை விற்றுவிட்டுக் கரவாங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போக விரும்புகிறார். அயலாருக்குக் கொடுப்பதற்குமுன் எங்களிடம்தான் கேட்டார். அது 150 தும்பாக் நிலம். ஒரு தும்பாக் 14 சதுர மீட்டர் என்பதால் நம் கணக்கில் ஏறத்தாழ 52 சென்ட் வருகிறது. கையிலிருக்கும் ஆவணமோ தாத்தா பெயரிலுள்ள ‘கிரிக்’ என்னும் பழைய நிலவரித் தாள் மட்டுமே. இதற்காக என் பெயரிலுள்ள ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். “வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாது, என் மகன் பெயரில் எழுதிவிட்டு உங்களுக்குப் பவர் கொடுத்துவிடலாம்” என்கிறார் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பாலக்கோட்டார்:

தம்பி, நானும் பாண்டுங் பக்கம் ஒன்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் அந்தப் பெரியவரின் யோசனையை மறந்துவிடுங்கள். இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி முழு உடைமை, அதாவது ‘ஹக் மிலிக்’, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இன்னொருவர் பெயரை முன்னிறுத்தி வெளிநாட்டவர் மறைமுகமாக வாங்கினால் அந்த ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அவருடைய மகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளை அவருக்கு ஒரு மனைவியும் ஒரு கடனும் வரும்.

உங்கள் மனைவி பெயரில் வாங்கலாமே என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்நாட்டின் 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, மணத்துக்குப்பின் வாங்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. பாதி உங்களுடையதாகிவிடுவதால் அது வெளிநாட்டவர் கையிலுள்ள நிலமாகக் கருதப்படும். சொத்தைப் பிரித்து வைக்கும் உடன்படிக்கையைத் திருமணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதே பழைய நிலை. அரசியலமைப்பு நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டின் 69-ஆம் எண் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப்பின், மணவாழ்வின் இடையிலும் ‘நோத்தாரிஸ்’ எனப்படும் ஆவண அலுவலர் முன் எழுதிப் பதிவு செய்யலாம் என்றாகிவிட்டது. எனவே முதலில் உடன்படிக்கை, அதற்குப் பின்பே கிரயம். மாமனாரிடமிருந்து மனைவிக்கு வாரிசாக வரும் பங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அவருடைய தனிச்சொத்து. அண்ணனிடம் விலைக்கு வாங்கும் பங்குக்குத்தான் இவ்வளவு பாடும்.

நீங்கள் அங்கே தங்குவதற்கு மனைவியே பொறுப்பேற்று அனுமதி பெற்றுத் தரலாம். மணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருப்பதால் நிரந்தரத் தங்கல் அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். கலப்புமணம் புரிந்தவர் பிழைப்புக்காக வேலையோ தொழிலோ செய்து கொள்ள 2011-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கிராமத்தில் என்ன வேலை இருக்கிறது என்பதே கேள்வி. உங்கள் மைத்துனரே கரவாங்குக்குப் போகிறாரே, அதிலேயே விடை இருக்கிறது. அங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்கும் அரை ஏக்கர், கால் ஏக்கர்தான் நிலம். அது சோற்றுக்குக் காணும், பள்ளிக் கட்டணத்துக்குக் காணாது. நிலத்தைப் பாதிப் பங்குக்கு விட்டால் விளைச்சலில் பாதி வீடு வந்து சேரும், அவ்வளவுதான்.

வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், மனம் இளகிவிடும். மலைச்சரிவு முழுவதும் படிப்படியாய் வயல், வீட்டை ஒட்டியே மீன்குளம், மூங்கில் குழாயில் ஓயாமல் விழும் நீர். புளோரைடு தண்ணீருக்கு அஞ்சி ஒகேனக்கல் குழாயை எதிர்பார்த்திருக்கும் தர்மபுரிக்காரனுக்கு அந்த ஓசையே ஒரு சொத்து. சோறும் பச்சிலைகளும் சம்பலும் பொரித்த மீனும் மூன்று வேளையும் கிடைக்கும். களிக்குத்தான் ஏங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் முன் நடந்து போனால் உடலைக் குனித்துப் ‘புந்தென்’ என்பார்கள், ‘மங்கா’ என்று மறுமொழி வரும். மாங்காய் ஊரிலிருந்து போன எனக்கு அது ‘அப்படியே ஆகட்டும்’ என்ற மரியாதைச் சொல் என்று புரியப் பல நாள் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தோனேசிய மொழியில் மாம்பழத்துக்கு வழங்கும் ‘மங்கா’ நம் மாங்காயிலிருந்து போனதுதான். காருட்டில் மலைமலையாய்ப் பயிராகும் ‘ஆகார் வாங்கி’யும் நம் வெட்டிவேரே.

ஆனால் அதே மலைச்சரிவு சரியவும் செய்யும். 2016 செப்டம்பரில் சிமானுக் ஆறு பெருகிக் காருட்டில் பல உயிர்களைக் கொண்டுபோனது. 2022 நவம்பர் 21 அன்று பக்கத்திலுள்ள சியாஞ்சூரில் வந்த 5.6 அளவு நிலநடுக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கம்பி வைக்காமல் கட்டிய செங்கல் வீடுகளே பெரும்பாலும் இடிந்து விழுந்தன. வீடு கட்டுவதானால் இதை மனத்தில் வையுங்கள்.

விலை ஏறும் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். 2018-இல் திறந்த கெர்தஜாத்தி விமான நிலையத்தைக் காட்டி மஜலெங்கா பக்கம் நிலம் விற்றவர்கள் ஏராளம். நிலையம் ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடந்தது. ஓசூரில் இன்று விமான நிலைய அறிவிப்பை வைத்து மனை விற்பவர்களை நீங்களே பார்க்கிறீர்கள் அல்லவா? தவிர, காத்து வைக்கப்பட்ட நெல்வயல் என்று குறிக்கப்பட்ட நிலத்தில் வீட்டுமனை போட 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எளிதில் விடாது.

தர்மபுரி பத்திர எழுத்தர்:

ஐயா, நம் ஊர் வழக்கில் சொன்னால் கிரிக் என்பது தீர்வை ரசீதைப் போன்றது. பட்டாவும் அல்ல, கிரயப் பத்திரமும் அல்ல. இந்தோனேசியாவின் 2021-ஆம் ஆண்டு 18-ஆம் எண் அரசு விதி இத்தகைய பழைய ஆவணங்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டுக் கெடு விதித்தது. அக்கெடு 2026 பிப்ரவரி வரைதான். அதன்பின் கிரிக் பதிவுக்கு உதவும் குறிப்பாக மட்டுமே கொள்ளப்படும். ஆகவே ஊராட்சி அலுவலகத்திலுள்ள ‘சி’ என்னும் பழைய நிலப் பதிவேட்டில் தாத்தா பெயர் எந்தப் பக்கத்தில், எத்தனை தும்பாக் என்று பார்த்து, வாரிசுச் சான்று பெற்று, மூன்று பங்காளிகளுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வாங்கிய பின்பே பணம் கை மாற வேண்டும். 2017 முதல் அரசே ஊர் ஊராகப் பதிவு செய்து வருகிறது. உங்கள் ஊர் அதில் வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வெறும் ரசீதுத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டு கிரயம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நிலப் பத்திர அலுவலர் முன் எழுதும் கிரயமே பெயர் மாற்றத்துக்கு ஏற்கப்படும்.

அந்நிலம் யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் போக்கியத்தைப் போலவே அங்கும் வயலைக் கொடுத்துப் பணம் வாங்கும் வழக்கம் உண்டு. ஏழாண்டுகள் அனுபவித்தவர் பணம் கேட்காமலே நிலத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் உறவுக்காரரிடம் அதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு விதியும் உங்களுக்குப் பொருந்தும். விளைநிலத்தின் உரிமையாளர் அந்த வட்டாரத்திலேயே வசிக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு விதி. மனைவி ஓசூரில் இருந்துகொண்டே அங்கே வயல் வாங்குவது அதற்கு ஒவ்வாது.

இப்போது நம் பக்கம். நீங்கள் அங்கே குடியேறி வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டால், இந்தியாவில் விளைநிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. ஏற்கெனவே இருப்பதை வைத்துக் கொள்ளலாம், வாரிசாகப் பெறலாம். அதாவது விற்ற மாந்தோப்பை, அங்கே மனம் ஒட்டாமல் இருந்தாலும், அங்கிருந்தபடி திரும்ப வாங்க முடியாது. அங்கே உங்கள் பெயரில் நிலம் கிடையாது, இங்கே இருந்ததும் போய்விடும். தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுங்கள். மாங்கூழ் ஆலைகள் தரும் விலையைப் பற்றி எல்லோரும் புலம்பினாலும் மரம் உங்களுடையதாகவே இருக்கும்.

பெண்ணாகரம் ஆசிரியை:

மூவரும் நிலத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சகோதரிக்கு என்ன விருப்பம் என்று கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகள் அங்கே போனால் வகுப்பில் இந்தோனேசிய மொழி, வீட்டில் சுண்டா. அதிலும் பெரியவரிடம் பேசும் சொல் வேறு, தோழனிடம் பேசும் சொல் வேறு. நான்கு வயதில் அது எளிது, பத்து வயதில் அழுகை. போவதானால் தாமதிக்காதீர்கள், ஆனால் முதலில் பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் அங்கே இருந்து பாருங்கள். பிள்ளைகளின் குடியுரிமையையும் இப்போதே தெளிவாக்கிக் கொள்ளுங்கள்: இந்தோனேசியா கலப்புமணப் பிள்ளைகளுக்கு வரம்புள்ள இரட்டைக் குடியுரிமை தருகிறது, இந்தியா அதை ஏற்பதில்லை.

காவேரிப்பட்டினத்தான்:

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “அண்ணன் வயல் வேண்டாம், அப்பாவின் மீன்குளம் என் பங்கில் வந்தால் போதும்” என்றார். எனக்கு இது புதுச்செய்தி. தோப்பை விற்கும் பேச்சை நிறுத்திவிட்டேன். முன்பணம் தருவதாக இருந்த வியாபாரியிடமும் சொல்லியாயிற்று. மே மாத விடுமுறையில் நால்வரும் போகிறோம். ‘சி’ பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்தர் ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: குளம் மூன்று பங்கிலும் சேர்ந்தே இருக்கிறதாம், அதைத் தனியாக அளந்து ஒரே சான்றிதழாக வாங்க அண்ணனும் தங்கையும் எழுதிக் கொடுத்தால் போதுமா?