தரைத்தளக் கூரையை அறுத்து உட்புறப் படிக்கட்டு: எந்த ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுப்பது?

திருவான்மியூர்வாசி எழுதியது:

வணக்கம். சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு அருகில், 1994இல் கட்டப்பட்ட எங்கள் வீட்டுக்குத் தரைத்தளமும் முதல் தளமும் உள்ளன. கான்கிரீட் தூண்களும் பீம்களும் கொண்ட கட்டடம். மாடிக்குச் செல்ல வெளிப்புறப் படிக்கட்டு மட்டுமே இருப்பதால், உள்ளேயே ஒன்று அமைக்க விரும்புகிறோம். கூடம் 12 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்டது; அதன் முன்பக்கத்தில் மாடிப் பால்கனி நான்கு அடி வெளியே நீண்டிருக்கிறது. பால்கனிக்கு நேர் பின்னால், முன்சுவரை ஒட்டி, 10 அடிக்கு மூன்றரை அடி அளவில் கூரையைத் திறக்க எண்ணியுள்ளோம். இதனுடன், சமையலறைக் கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. அதையும் சரிசெய்ய வேண்டும்.

இருவரிடம் விலை கேட்டோம். எங்கள் பகுதி மேஸ்திரி, கான்கிரீட்டை அடித்து உடைக்கும் கருவியான பிரேக்கரால் உடைத்து, கம்பியை வெட்டி, ஓரங்களைப் பூசிக் கொடுப்பதாகவும், சமையலறைக் கம்பியைத் தேய்த்துச் சிமெண்ட் பூசிவிடுவதாகவும் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். மற்றவர் டைமண்ட் பிளேடு இயந்திரத்தால் அறுப்பவர். ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது அறுக்கும் கோட்டின் நீளத்துக்கு, அவர் சொன்ன விலை இரு மடங்குக்கும் மேல் வருகிறது. இந்த அளவு வேலைக்குப் பொறியாளர் தேவையில்லை என்று இருவருமே கூறுகிறார்கள். யாரைத் தேர்வு செய்வது என்று வழிகாட்டுங்கள்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் மறுமொழி:

இருவரில் எவருக்கும் இன்னும் முன்பணம் கொடுக்காதீர்கள். இயந்திரமா பிரேக்கரா என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் குறித்திருக்கும் இடத்தில் திறப்பே போடக்கூடாது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

தூண் இல்லாமல் வெளியே நீண்டிருக்கும் பால்கனித் தளத்தில் இழுவிசை மேற்பரப்பில் உண்டாகிறது. ஆகவே அதன் முதன்மைக் கம்பிகள் தளத்தின் மேல்பகுதியில் இருக்கும். அவை முன்பீமைக் கடந்து கூடத்தின் கூரைக்குள், பெரும்பாலும் பால்கனியின் நீளத்துக்குக் குறையாத தூரம் சென்று பிடிப்புக் கொள்கின்றன. முன்சுவரை ஒட்டி மூன்றரை அடியை அறுத்தெடுத்தால் அந்தக் கம்பிகளின் பிடிப்பும், பால்கனியை எதிர்த்து உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் தளத்தின் எடையும் ஒருசேரப் போய்விடும். பால்கனி தளமாக இல்லாமல் நீட்டிய பீம்கள் மேல் அமர்ந்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் அதை வெளியிலிருந்து பார்த்து ஊகிக்கக் கூடாது.

திறப்பின் திசையை மட்டும் நீங்கள் நன்றாகவே தேர்ந்திருக்கிறீர்கள். நான்கு பக்கமும் பீம்கள் மேல் அமர்ந்த 12க்கு 20 அடித் தளத்தில் பாரம் பெருமளவு 12 அடிப் பக்கமாகவே செல்லும். திறப்பின் நீளவாட்டம் அதே திசையில் இருந்தால் மூன்றரை அடி அகலத்திலுள்ள முதன்மைக் கம்பிகள் மட்டுமே வெட்டுப்படும்; இருபது அடிப் பக்கமாக அதைத் திருப்பினால் பத்து அடி அகலத்துக்கு வெட்டுப்படும். எனவே இதே வாட்டத்தில் கூடத்தின் பின்கோடிக்கு, பின்பீமை ஒட்டி நகர்த்த முடியுமா என்று பாருங்கள். அங்கும் அடுத்த அறையிலிருந்து பீமின் மேல் தொடர்ந்து வரும் கம்பிகள் இருக்கலாம். பழைய வரைபடம் இல்லையென்றால் கம்பி கண்டறியும் கருவியால் தளத்தின் மேலும் கீழும் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். திறப்பின் ஓரத்துக்குப் புதிய பீமோ பீம்போல் தாங்கும் இரும்புச் சேனலோ எந்த அளவில் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும்.

உள்ளாட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் கையொப்பமிட்ட வரைபடம் வாங்குங்கள். அது கையில் வந்த பிறகு, அதே வரைபடத்துக்கு இருவரிடமும் மறுபடி விலை கேளுங்கள். இப்போது அவர்கள் விலை சொல்லியிருப்பது இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு.

திருவான்மியூர்வாசி:

மிக்க நன்றி, ஐயா. பால்கனியைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்கோடியில் இடம் இருக்கிறது. அங்குள்ள அலமாரியை மட்டும் நகர்த்த வேண்டியிருக்கும். இடம் முடிவானால் பிரேக்கர் போதுமா?

கான்கிரீட் அறுப்பு வேலை செய்யும் ஒருவரின் மறுமொழி:

எங்கள் தொழிலை நானே உயர்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம். முழுவதும் இடித்துத் தள்ளும் இடத்துக்குப் பிரேக்கரே சிக்கனம். ஆனால் மீதித் தளம் அப்படியே நிற்க வேண்டிய இடத்தில், பிரேக்கரின் அதிர்வு கம்பி வழியே பரவி, வெட்டாத பகுதியிலும் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடக்கூடும். கடல் காற்றில் துரு ஏறிய பழைய வீட்டில் அந்த அபாயம் அதிகம். புதிய பீமுக்குள் பழைய கம்பியை மடக்கி விட வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், அந்தப் பகுதியில் மட்டும் சிறிய கைப் பிரேக்கரால் கம்பி கெடாமல் கொத்த வேண்டியிருக்கும்.

விலை கேட்கும்போது சில விவரங்களையும் சேர்த்துக் கேளுங்கள். வட்ட பிளேடு தளத்தின் அடிவரை இறங்க வேண்டுமானால் மூலையில் குறித்த கோட்டைத் தாண்டி ஓடும். அப்படி ஓடினால் இருக்க வேண்டிய கம்பியும் அறுபடும். அதைத் தவிர்க்க நான்கு மூலைகளிலும் முதலில் கோர் கட்டிங் துளை (தளத்தை ஊடுருவும் வட்டத் துளை) போடுவாரா என்று கேட்டாலே ஆளின் தரம் தெரிந்துவிடும். அடுத்தது எடை. ஐந்து அங்குலத் தளத்தில் 35 சதுர அடி என்பது கிட்டத்தட்ட ஒரு டன். மேலே மொசைக் தரை இருந்தால் இன்னும் கூடும். அதைப் பத்துத் துண்டாக்கினாலும் ஒவ்வொன்றும் நூறு கிலோ. சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து ஒரே பலகையாகக் கீழே இறக்குகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கீழிருந்து முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கி, அறுக்கும் துண்டுக்கு மட்டுமல்லாமல் நிற்கும் தளத்துக்கும் வேண்டும். தண்ணீர் ஊற்றி அறுத்தால் சேறு கீழே வழியும். அதைப் பிடித்து அகற்றுவது யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் அறுத்தால் எழும் சிலிக்காத் தூசி வேலையாட்களின் நுரையீரலையும் உங்கள் வீட்டாரின் நுரையீரலையும் கெடுக்கும், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தளத்துக்குள் ஓடும் மின்குழாய்களை முன்னதாகவே எலக்ட்ரீஷியனைக் கொண்டு கண்டறிந்து இணைப்பைத் துண்டித்து வையுங்கள்.

கட்டமைப்புப் பொறியாளர்:

சமையலறைக் கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைக் குறைப்பதாலும், கடற்கரையில் உப்பு உள்ளே இறங்குவதாலும் அந்தக் காப்பு போய்விடுகிறது. துரு, தான் உண்டாகிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேஸ்திரி சொன்ன சிமெண்ட் பூச்சு அந்தத் துருவை மூடி மறைக்குமே தவிர நிறுத்தாது.

புதிதாகக் கொத்திய பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. உப்பின் அளவை அறியத் துளையிட்ட தூளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பழுது பார்க்கும்போது கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவை முழுவதும் நீக்கி, மெலிந்த கம்பிகளுக்குத் துணைக் கம்பி கட்டி, துத்தநாகப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த மோர்ட்டாராலோ (சிமெண்ட் கலவை) மைக்ரோ கான்கிரீட்டாலோ (பொடி ஜல்லி சேர்ந்த, எளிதில் பாயும் கான்கிரீட்) நிரப்பி, அந்தப் பொருளுக்குச் சொல்லப்பட்டபடி பதப்படுத்த வேண்டும். உப்பு மிகுதியாக இருந்தால், ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய பகுதி பிறகு இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கும். அப்போது பழுதின் எல்லையையே விரிவாக்க வேண்டியிருக்கும். இதைச் சதுர அடிக் கணக்கில் தனி ஒப்பந்தமாகக் கொடுங்கள், ஏனெனில் கொத்திப் பார்த்த பிறகே பரப்பு தெரியும்.

திருவான்மியூர்வாசி:

வரைபடத்துக்குப் பொறியாளரை அழைக்க முடிவு செய்துவிட்டோம். பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது வழக்கம்?

கான்கிரீட் அறுப்பு வேலை செய்பவர்:

இயந்திரம் வந்து இறங்கும்போது ஒரு சிறு பகுதி. அறுத்த துண்டுகள் வெளியேறியதும் ஒரு பகுதி. ஓரத்துப் பீமைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மீதி. ரசீது கேட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா, சொன்ன விலைக்குள் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா, நல வாரியப் பதிவு உண்டா என்பதையும் பாருங்கள். ஜாக்கிகளை என்று எடுக்கலாம் என்பதைப் பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். அடுத்த வேலைக்கு அவை தேவைப்படும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். ஆகவே கூடுதல் நாட்களுக்கான ஜாக்கி வாடகையை இப்போதே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.