ஒரே வீடு, மூணு விதமான வரி ரசீது: மதுரைக்கு முனிசிபாலிட்டி எப்ப வந்துச்சு?

அவனியாபுரத்தான்:
பத்திரம் தேடுறப்ப அப்பாவோட தகரப்பெட்டிய திறந்தேன், வீட்டு வரி ரசீது கட்டுக்கட்டா இருந்துச்சு. அடியில கெடந்ததுல பேரூராட்சினு போட்டுருக்கு, நடுவுல நகராட்சி, 2011க்கு அப்புறம் உள்ளதெல்லாம் மதுரை மாநகராட்சி. வீடு அதே எடத்துலதான் இருக்கு, வாசல் வேப்பமரமும் அதேதான், நம்மள ஆளுற ஆபீஸ் மட்டும் மாறிக்கிட்டே வந்துருக்கு, எங்க தெருவுல ஒருத்தர்கிட்டயும் கேட்டதா ஞாபகம் இல்ல. இத யாரு முடிவு பண்றது? மதுரைக்கு முனிசிபாலிட்டினு ஒண்ணு எந்தச் சட்டத்துல வந்துச்சு? இன்னொண்ணு, ஓட்டு போடுறது கவுன்சிலருக்கு, மனு எழுதுறது ஆணையாளர் பேருக்கு. அது ஏன் அப்படி? விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க, என் மகளும் கேக்குறா, பத்தாவது படிக்கிறா.

கீழவாசல்காரர்:
தம்பி, மதுரை முனிசிபாலிட்டி பிறந்த நாள் 1866 நவம்பர் 1. சட்டம், 1865ல சென்னை மாகாணத்துல போட்ட நகர மேம்பாட்டுச் சட்டம். ஆனா கதை அதுக்கு இருபது இருபத்தஞ்சு வருஷம் முந்தியே ஆரம்பிக்குது. ஊரைச் சுத்தி கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சுல்ல, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துலதான் அத இடிச்சு அகழியத் தூர்த்தாங்க, இடிச்சுத் தூர்த்தவங்களுக்கே அந்த நெலத்தக் குடுத்தாங்க, அப்பிடி வந்ததுதான் நாலு வெளி வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதியெல்லாம் அந்த வேலையப் பாத்தவங்க பேருதான். விளக்குத்தூணும் அந்த கலெக்டர் ஞாபகமா வச்சதுதான். சுவர் போனதும் ஊர் வெளிய வழிஞ்சிருச்சு, தெரு கூட்டணும், சாக்கடை வெட்டணும், விளக்கு போடணும், அதுக்குக் காசு வேணும். அந்தக் காச ஊர்க்காரங்ககிட்ட இருந்தே வரியா வாங்குறதுக்குத்தான் 1865 சட்டம். அதுலயும் போலீஸ் செலவுல ஒரு பங்க ஊர் தலையில கட்டுனாங்க, எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சலான விஷயம் அது. உறுப்பினரெல்லாம் நியமனம்தான், தலைமை கலெக்டர்கிட்ட.

1882ல வைஸ்ராயா இருந்த ரிப்பன் பிரபு உள்ளாட்சி தீர்மானம் போட்டாரு, அத வச்சு 1884ல மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்துச்சு, தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கு எடம் கெடச்சுச்சு. ஆனா வரி கட்டுறவன், சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. புதுமண்டபத்துல தையல் மிஷின் மிதிச்சவனுக்கும் சந்தையில மூட்டை தூக்குனவனுக்கும் ஏது அன்னைக்கு ஓட்டு? அப்புறம் 1920ல புது மாவட்ட நகராட்சிச் சட்டம், 1971 வரைக்கும் மதுரை அதுலதான் ஓடுச்சு.

தல்லாகுளம் வக்கீல்:
அண்ணன் சொன்னதுக்கு மேல கொஞ்சம். 1971 மே 1ல மதுரை மாநகராட்சி ஆச்சு, அதுக்குன்னே தனிச் சட்டம், முதல் மேயர் எஸ். முத்து, நம்ம மதுரை முத்து.

ஆணையாளர் கேள்விக்கு பம்பாய் வரைக்கும் போகணும். அங்க 1865ல ஒரு சட்டம் போட்டு அதிகாரம் பூராத்தையும் ஆணையாளர் ஆர்தர் கிராஃபோர்டு கையில குடுத்தாங்க, அவரு ரோடு, மார்க்கெட்டுனு நெறய வேலை பாத்தாரு, செலவு எகிறி வரி கட்டுறவங்க கொந்தளிச்சுட்டாங்க. சண்டை போட்டு 1872லயும் 1888லயும் வேற சட்டம் வாங்குனாங்க, 1888 சட்டத்துல பம்பாய் தலைவர் பெரோஸ்ஷா மேத்தாவோட பங்கு பெருசு. அதுலதான் மன்றம் (கவுன்சிலருங்க கூடுற சபை), நிலைக்குழு (அவங்கள்ல கொஞ்சப் பேரு இருக்குற சின்னக் குழு), ஆணையாளர்னு அதிகாரத்த மூணாப் பிரிச்சாங்க. பணம் ஒதுக்குறது, தீர்மானம் போடுறது மன்றம், நடைமுறைப்படுத்துறது அரசு அனுப்புற ஆணையாளர். சென்னைக்கு 1919 சட்டம், நமக்கு 1971 சட்டம், அடிப்படை ஏற்பாடு இதேதான். மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைவர், நிர்வாகக் கையெழுத்து ஆணையாளரோடது. அதான் மனு அவரு பேருக்குப் போகுது.

ரசீது மாறுன கதைக்கு அரசியலமைப்பு 243க்யூ பிரிவு பாருங்க. மக்கள் தொகை, நெருக்கம், வருமானம், விவசாயம் இல்லாத வேலையில எத்தன பேரு, இதெல்லாம் பாத்து மாநில அரசு அறிவிக்கை போடும், ஊரு பேரூராட்சியா நகராட்சியா மாநகராட்சியானு அதுலதான் முடிவாகும். 2011ல அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம்னு நகராட்சிகளும் பேரூராட்சி, ஊராட்சிகளும் சேந்து 72 வார்டு 100 ஆச்சு, சுமார் 52 சதுர கிலோமீட்டர் ஊரு சுமார் 148 ஆச்சு. தெருத்தெருவா ஓட்டெடுத்துக் கேக்கணும்னு சட்டத்துல இல்ல, இருந்திருக்கணும்ங்கறது என் கருத்து.

அவனியாபுரத்தான்:
ரொம்ப நன்றிண்ணே. ஒண்ணு மட்டும். 2016க்கு அப்புறம் ரொம்ப நாள் எங்க வார்டுக்கு கவுன்சிலரே இல்ல, தெருவிளக்கு எரியலைன்னா யார்கிட்ட போறதுன்னே தெரியாம பெரியவுக அலைஞ்சாக. அது சட்டப்படி சரியா?

வைகைக்கரை:
சரியில்லங்க. நகராட்சிகளப் பத்துன அரசியலமைப்பு 74வது திருத்தம் 1993 ஜூன் 1ல அமலுக்கு வந்துச்சு, மன்றத்தோட ஆயுள் அஞ்சு வருஷம், அது முடியறதுக்குள்ள தேர்தல் முடிச்சிரணும்னு 243யூ பிரிவுல தெளிவா இருக்கு. அதுக்கப்புறம்தான் 1996ல தமிழ்நாட்டுல ஒழுங்கா தேர்தல் நடந்துச்சு. 2016 அக்டோபர் தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியா செய்யலன்னு போட்ட வழக்குல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, அப்புறம் வார்டு மறுவரையறை, அது இதுன்னு இழுத்து 2022 பிப்ரவரி 19லதான் ஓட்டு. இடையில அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலருக்குப் பதிலா அரசு போட்ட தனி அலுவலர் ஆட்சி. இத நெனச்சா எனக்கு இன்னும் கோபம் வரும், ஒரு தலைமுறைப் பிள்ளைங்க ஓட்டுரிமை வந்தும் வார்டு தேர்தலையே பாக்காம வளந்துச்சுங்க.

இப்ப சட்டமும் மாறிருச்சு, 1998ல எழுதுன நகர்ப்புற உள்ளாட்சி சட்டம் திருத்தத்தோட 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்து, தனித்தனிச் சட்டத்துக்கெல்லாம் பதிலா நிக்குது. உங்களுக்கு முக்கியமானது பகுதி சபை, அதாவது வார்டுக்குள்ள ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறையச் சொல்ற கூட்டம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு மாநிலம் முழுக்க நடத்துனாங்க, மதுரை முனிசிபாலிட்டி பிறந்த அதே தேதி. உங்க வார்டுல அடுத்து எப்ப நடக்குதுன்னு கவுன்சிலர்கிட்ட எழுத்துல கேளுங்க, போய் தெருவிளக்கு, சாக்கடை எல்லாத்தையும் பேர் பதிஞ்சு சொல்லுங்க, சொன்னது கூட்டக் குறிப்புல ஏறுச்சான்னு பாத்துட்டு வாங்க. மன்றத் தீர்மான நகல் வேணும்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய்க் கட்டணத்தோட கேக்கலாம். மகளையும் கூட்டிட்டுப் போங்க.

அவனியாபுரத்தான்:
போறேண்ணே. ரசீது மூணையும் கையில எடுத்துட்டுப் போறேன், பேரூராட்சி காலத்துல இருந்து எங்க தெரு சாக்கடை அப்படியேதான் கெடக்கு, அத அங்கன சொல்லணும்.