வேலையில் பிடிப்பு விட்டுப்போனது என் தவறா?

கேள்வி: கிருஷ்ணகிரி, தரப் பரிசோதகர்

வணக்கம். மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மே முதல் ஜூலை வரை பெங்களூரா ரக மாம்பழ வரத்து மிகும் நாட்களில், லோடுக்கு ஐந்து பழங்களை அறுத்து, கொட்டையை ஒட்டிய சதை வெளிறியிருக்கிறதா என்று பார்த்து, சாற்றை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் விட்டு, இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவைக் குறிப்பது என் வேலை. சென்ற பருவத்தில், பாதிக்கு மேல் பழுக்காத காய்கள் இருந்த லோடு ஒன்றைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் அதே லோடு கழுவும் தொட்டியில் கொட்டப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டில் என்னையே கையெழுத்திடச் சொன்னார்கள், நானும் போட்டேன். அதிலிருந்து ஐந்து அறுக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் அறுக்கிறேன். சொந்தக் கொள்கைகளை வாசலோடு விட்டுவிட்டு வேலை செய்ய ஒருவரால் முடியுமா?

பதில் 1: ஓசூர், ஓய்வுபெற்ற டூல் ரூம் பணியாளர்

தம்பி, உங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு வகுப்பெடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், பின்னாளில் நிர்வாகங்களுக்கு வகுத்த 14 நெறிகளில், தொழிலாளி தன் கைவேலையில் கொள்ளும் பெருமிதத்துக்கு இருக்கும் தடைகளை நீக்க வேண்டும் என்பதையும் ஒன்றாக வைத்தார். அதன் பொருள் எனக்கு அனுபவத்தில்தான் விளங்கியது. 0.02 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்ததால் நான் சிவப்புப் பெட்டியில் போட்ட பாகங்களை, இரவு ஷிப்டில் நல்லவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தபோது, இதை அளந்துதான் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தன் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் முதலில் தளர்வது கவனம்தான். அது தளர்ந்ததே நமக்கு வெகுநாள் தெரிவதில்லை.

பதில் 2: தர்மபுரி, பட்டு நூற்பு

ஐயா சொல்வது உண்மை. ஆனாலும் பெருமிதம் எப்போதும் வேலையை உயர்த்தும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் நூற்புக் கூடத்தில் கைத்தேர்ச்சி மிக்க அக்கா ஒருவர், தாம் பொறுக்கிய பட்டுக்கூட்டை வேறொருவர் சரிபார்ப்பதையே அவமானமாகக் கருதினார். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடுகள் கலந்து நூல் அறுந்துகொண்டே இருந்தபோதும் அவர் இறங்கி வரவில்லை. அண்ணா, உங்கள் விஷயம் வேறு. அளந்து பார்த்துத்தான் மறுத்தீர்கள். ஆனால் மேலாளர் மீதுள்ள கோபத்தில் மூன்று பழங்களை அறுக்காமல் விட்டால், அது அந்தக் கூழைக் குடிக்கப்போகும் பிள்ளையைத்தான் சேரும். மறுத்த லோடுக்கு நீங்கள் கையெழுத்திடாதீர்கள். அளவை எழுதி, ‘தேறவில்லை’ என்று குறித்து, அனுமதிப்பவரே தம் பெயரில் கையெழுத்திடட்டும் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. சீட்டில் அப்படி ஒரு வரி சேர்க்க மேலாளரிடம் கேட்டேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்று காலை வந்த முதல் லோடில் ஐந்து பழங்களையும் அறுத்தேன். நான்காவது பழம் கொட்டையருகே வெளிறியிருந்தது. அதையும் எழுதி வைத்தேன்.