நிதின் தொட்டிக்கு நியான் டெட்ரா

கவிதா: முரளி சித்தப்பா, நிதின் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி வந்தாயிற்று, 2 அடி நீளம். இன்றைக்கே மீன் விடலாம் என்கிறார் கடைக்காரர். நியான் டெட்ரா 2, ஏஞ்சல் 2, கோல்டு ஃபிஷ் 1. சரிதானே?

முரளி: மீன் வாங்கிவிட்டாயா?

கவிதா: இல்லை, சாயங்காலம் மீன் வாங்கக் கொளத்தூர் போகிறோம்.

முரளி: போகாதேம்மா. தண்ணீர் ஊற்றி ஃபில்டரை மட்டும் ஓடவிடு. மீன் ஒரு மாதம் கழித்துத்தான்.

கவிதா: தாத்தா நான் நிதின். ஒரு மாசமா????

முரளி: ஆமாம் கண்ணா. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடு. அது அழுகினால்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

நிதின் அப்பா: தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதே மாமா?

முரளி: அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது மாப்பிள்ளை. டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் கொஞ்சம் ஏறியிருந்தால் தொட்டி தயார்.

வசந்தா அத்தை: நியான் என்றால் நீலமும் சிவப்புமாக ஓடுமே, அதுவா? மாடி வீட்டில் ராத்திரி லைட் போட்டுப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. சாயம் போட்டு விற்கிறார்களோ?

முரளி: இல்லை அக்கா. அந்த நீலக் கோடு தோலில் இருக்கும் நுண்ணிய படிகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. இருட்டில் மங்கும், வெளிச்சம் வந்தால் திரும்பிவிடும். பகலிலும் வெளுத்தே இருந்தால்தான் கவலை. சாயம் ஏற்றிய மீனும் உண்டு, கண்ணாடி மீனுக்கு ஊசியால் ஏற்றுவார்கள். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

கவிதா: அப்போது என்னென்ன மீன் வாங்கட்டும்?

முரளி: நியான் மட்டும் 10. கூட்டமாக வாழும் மீன் அது, இரண்டே இரண்டை விட்டால் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை விழுங்கிவிடும். கோல்டு ஃபிஷ் போடும் கழிவுக்கு இந்தத் தொட்டி தாங்காது.

கார்த்திக்: சித்தப்பா, மிஸ் கேரளா? சிவப்புக் கோடு, செம அழகு.

முரளி: அழகுதான்டா. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் ஓடித் திரியும் மீன், அரை அடி வரை வளரும். 4 அடித் தொட்டியாவது வேண்டும். ஓடைகளில் பிடித்துப் பிடித்தே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. என்றைக்காவது வாங்கினால் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்கு.

கவிதா: எங்களுக்கு மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வரும். பரவாயில்லையா?

முரளி: மெட்ரோவில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்டபிறகே ஊற்று. போர் தண்ணீர் கடினநீர், அதிகம் கலக்காதே. நியான் அமேசான் பக்கத்து மென்னீர் மீன், இங்கே விற்பது பெரும்பாலும் பண்ணை மீன் என்பதால் ஓரளவு சமாளிக்கும். காய்ந்த பாதாம் இலை ஒன்று போடு. தண்ணீர் டீ நிறமானால் பயப்படாதே, அதற்கு அது பிடிக்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும்.

வசந்தா அத்தை: ஹீட்டர் வேண்டாமா?

முரளி: சென்னையிலா அக்கா! 😄 22 முதல் 26 டிகிரி அதற்குச் சுகம். மே மாதம்தான் பிரச்சினை. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர் மேல் சின்ன ஃபேன் காற்று படும்படி வை. இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

கவிதா: சித்தப்பா, அந்த ஒரு மாதம்... நிதின் அழுகிறான்.

முரளி: என் தொட்டி ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன், பாக்டீரியா அதிலேயே இருக்கும். நாள் நிறையவே குறையும். டெஸ்ட் கிட் சரி என்று காட்டினால் மீன் வாங்கப் போவோம். முதலில் 5, அடுத்த வாரம் 5.

கவிதா: சனிக்கிழமை வருகிறோம்!

முரளி: மூடி போட்ட டப்பா கொண்டு வா. தொட்டித் தண்ணீரோடுதான் பஞ்சை எடுத்துப்போக வேண்டும். குழாயில் மட்டும் அலசிவிடாதே.