கண் சிவந்தால் எதைப் பாத்து முடிவெடுக்கிறது?

வடலி:
வேலியடைப்பு, சூடடிப்புக் காலத்திலை கண் சிவந்து வாறவை கூட. பார்மசியிலை கேட்டால் உடனை ஒரு துளிமருந்து தாறாங்கள். சிலர் தாய்ப்பால் விடச் சொல்லுகினம். எந்தச் சிவப்பை வீட்டிலை வைச்சுப் பாக்கலாம், எதுக்கு அண்டைக்கே போகவேணும்? கண்ணோய் வந்த பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு எப்ப விடலாம்?

பூவரசு:
சிவப்பு எவ்வளவு எண்டதை விடுங்கோ. நோ, வெளிச்சத்துக்குக் கூசுறது, பார்வை மங்கிறது: இந்த மூண்டையும் பாருங்கோ. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதாலை சுவர்க் கலண்டர் இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கோ. பூளை மறைச்சிருந்தால் சிமிட்டத் தெளியும். சிமிட்டியும் தெளியாட்டில் வீட்டிலை வைச்சிருக்கக்கூடாது. கறுப்பு முழியைச் சுத்தி வளையமாச் சிவந்திருந்தாலும், அதிலை வெள்ளைப் புள்ளி தெரிஞ்சாலும், ரண்டு கண்மணியும் ஒரே அளவிலை இல்லாட்டிலும் அப்பிடித்தான்.

வயது போனவைக்கு ஒரு கண் கடுமையா நொந்து, தலையிடியும் சத்தியும் வந்து, விளக்கைச் சுத்தி நிறவளையம் தெரிஞ்சால் கண்ணுக்குள்ளை அழுத்தம் திடீரெண்டு ஏறியிருக்கலாம். சத்தியைப் பாத்து வயித்துக் கோளாறு எண்டு பனடோலோடை படுக்க விடுறவை இருக்கினம். சில மணித்தியாலத்திலேயே பார்வை நரம்பு கெடத் தொடங்கும். இரவெண்டாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

நோ இல்லாமல் தண்ணி மாதிரி வடிஞ்சு, ஒரு கண்ணிலை தொடங்கி மற்றதுக்கும் வந்தால் பெரும்பாலும் வைரசுக் கண்ணோய். ஒண்டு ரண்டு கிழமையிலை தானே மாறும், அன்ரிபயோட்டிக் துளியாலை பலனில்லை. மஞ்சளாச் சீழ் வடிஞ்சு விடிய இமை ஒட்டினால் பற்றீரியா. அதுக்குக் குளோரம்பெனிக்கோல் எண்ட அன்ரிபயோட்டிக் துளி, முதல் 2 நாள் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பிறகு நாளைக்கு 4 தரம், மொத்தம் 5 நாள். 2 நாளிலை குறையாட்டில் காட்டுங்கோ. ரண்டு கண்ணும் கடிச்சால் ஒவ்வாமை: குளிர்ந்த ஒத்தடம் குடுங்கோ, கசக்க விடாதேங்கோ. வெள்ளை முழியிலை நோவில்லாமல் இரத்தம் படிஞ்சால் பாக்கப் பயமா இருக்கும், ஆனால் 2 கிழமையிலை வத்தும். பிறெஷரைப் பாருங்கோ. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிக்கிறவை டொக்டரிட்டைச் சொல்லவேணும்.

பிள்ளையை வடியிறது நிண்ட பிறகு விடுங்கோ, துவாயும் தலையணை உறையும் வேறையா வைச்சிருங்கோ. பிறந்து 28 நாளுக்குள்ளை குழந்தைக்குக் கண் சிவந்து சீழ் வந்தால் ஒரு நாளும் பிந்தக்கூடாது.

கிளுவை:
வேலியடைப்பைப் பற்றிக் கேட்டபடியால் இதைச் சேர்க்கிறன். பனையோலை, கருக்கு, நெல்லுச் சுணை கண்ணிலை பட்டால் கீறலோடை பங்கசும் (பூஞ்சணம்) உள்ளை போகும். முதல் நாள் சின்னக் கரகரப்புத்தான் இருக்கும். சில நாள் போக, கறுப்பு முழியிலை சாம்பல் வெள்ளையாப் புண் தெரியும். ஓலை பட்ட கண் அடுத்த நாளும் உறுத்தினால் புண் தெரியிறவரைக்கும் காத்திருக்காதேங்கோ.

எருக்கலம்பால் இன்னும் ஏமாத்தும். பெரிசா நோகாது, பார்வை மட்டும் புகைமூட்டமாகும். கள்ளிப்பால் எண்டால் எரிவு கடுமை. இந்தப் பால்களோ சுண்ணாம்போ பட்டால் இமையை விரிச்சுப் பிடிச்சுக் குழாய்த் தண்ணியாலை 30 நிமிசம் கழுவிப்போட்டுத்தான் வாகனம் பிடிக்கவேணும். சுண்ணாம்புத் துகள் மேலிமைக்குக் கீழை ஒளிச்சிருந்து எரிச்சுக்கொண்டே இருக்கும், அதாலை இமையைப் பிரட்டியும் கழுவுங்கோ.

வடலி:
பழைய டெக்சாமெதசோன் கலந்த துளி பிறிட்ஜிலை இருந்தால்?

பூவரசு:
எறியுங்கோ. டெக்சாமெதசோன் ஒரு ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட் சிவப்பைக் குறைக்கும், அதுதான் ஆபத்து. பங்கசோ அக்கி வைரசோ உள்ளை பெருகும், ஆனால் கண் வெளுத்தபடியால் மாறுது எண்டு நினைச்சிருப்பினம். டொக்டர் விளக்கு வைச்சுப் பாத்து எழுதித் தந்தால் மட்டும் விடுங்கோ. திறந்த எந்தப் போத்தலும் 28 நாளுக்கு மேலை வைச்சிருக்கிறதில்லை. தாய்ப்பாலும் வேண்டாம். அது கிருமியை அழிக்கிற மருந்தில்லை, அதை நம்பி இருக்கிற நேரத்திலை புண் ஆழமாகும்.

கிளுவை:
கொன்டாக்ட் லென்ஸ் போடுறவை சிவந்த உடனை கழட்டி, அண்டைக்கே காட்டவேணும். லென்சையும் அதின்ரை பெட்டியையும் எறியாமல் கொண்டு போங்கோ, கிருமி பரிசோதனைக்கு உதவும்.