அனுமதிப்பத்திரக் காணியில் வீடு கட்ட அனுமதி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்கு அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்ட அரச மேட்டுக்காணியில், எங்கள் குடும்பத்துக்கென மூன்று அறைகள் கொண்ட கல்வீடொன்றைக் கட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதியைப் பெற முயன்று வருகிறேன். அப்பா காலமாகிவிட்டார், பின்னுரித்தாளராக (அவருக்குப் பின் காணிக்கு உரியவராக) என் பெயர் குறிக்கப்பட்டிருந்தாலும் உரிமை மாற்றம் இன்னும் பதிவாகவில்லை.

மடிப்புகளில் கிழிந்து, ஒரு மூலையைக் கறையான் அரித்துவிட்ட அந்த அனுமதிப்பத்திரத்தில் வடக்கு எல்லை ‘பாலை மரம்’ என்று மட்டுமே இருக்கிறது. அந்த மரமோ, இடப்பெயர்வின் பின் நாங்கள் திரும்பி வந்தபோதே அங்கில்லை. வேலிக்கு அப்பால் காடு என்பதால், எல்லை எதுவெனத் தெளிவில்லாதிருப்பதே எனக்குப் பெருங்கவலை.

நில அளவைப் படம், பிரதேச செயலகத்தில் உரிமை மாற்றம், வீட்டு வரைபடம் ஆகியவற்றுள் எதை முதலில் செய்வது? மாரிக்கு முன் அத்திவாரம் இட விரும்புவதால், இவ்வகைக் காணியில் அனுமதி பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.